மேற்கே மின்னினால் மரம் வெட்ட முடியாது

காலை செய்திக்கு முன்பு வானிலை வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. "பேரா மாநிலத்தின் சில பகுதிகளில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்ற வரியை எத்தனை நூறு முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் வாசிக்கும் வானொலிக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. வெளியே மழை கொட்டினாலும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பாட்டு கேட்க அழைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தங்கச்சி, தினமும் சில பகுதி, சில பகுதின்னு சொல்றீங்க. தாப்பா அந்தச் சில பகுதில இருக்கா, இல்லையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்க மரம் வெட்டுன காலத்துல இது தெரியலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த வார விடுமுறையில் ஈப்போவுக்குப் போனபோது இதைப் பாட்டியிடம் சொன்னேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் பால் மரம் வெட்டியவர் என் பாட்டி. அந்தத் தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி தாமான். பாட்டி இப்போது அத்தையோடு ஈப்போவில் ஒரு தரை வீட்டில் இருக்கிறார். இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துவிடுவார். விழித்ததும் வாசல் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆனாலும் பார்ப்பார்.

"அந்த ஆளு கேட்டது நியாயந்தானே" என்றார் பாட்டி. அன்று ஆரம்பித்த பேச்சுதான் இந்தக் கட்டுரை.

மழை நாள், கூலி இல்லாத நாள்

தோட்டத்தில் வளராத இளையவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்துக்கு மழை வேண்டும். ஆனால் ரப்பர் மரம் வெட்டுகிறவருக்கு மழை எதிரி.

பால் மரத்தின் பட்டையில் உளியால் சாய்வாக ஒரு கோடு போடுவார்கள். பால் அந்தக் கோட்டின் வழியாக இறங்கி மங்கில் விழும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காது. மரம் முழுக்கப் பரவி மண்ணில் வழிந்துவிடும். ஈரப் பட்டையை வெட்டினால் வெட்டுக் காயத்தில் பூஞ்சை நோயும் வரும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ, மங்கு நிறையத் தண்ணீர். பால் கழுவிக்கொண்டு போய்விடும்.

அதோடு, பால் நன்றாக ஓடுவது விடியலுக்கு முந்திய குளிரில்தான். அந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் மழை விடட்டும், மத்தியானம் வெட்டலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.

விடியுமுன் பெரட்டு. பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 500 மரங்கள். வெட்டி முடித்து, சற்றே இருந்து, பாலெடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துப் போடும்போது காலை பத்து, பதினொன்று ஆகிவிடும். விடியலுக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வானம் என்ன செய்யும் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி தொங்கிக்கொண்டிருந்தது. மழை நாளில் சில பேருக்குப் புல்வெட்டு, கான் வேலை கிடைக்கும். எல்லாருக்கும் கிடைக்காது.

"மரம் வெட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது பெரட்டுலதான். ஆனா எவ்வளவு வேகமா வெட்டணும், எப்பப் பாலெடுக்கணும்னு நாமதான் பாத்துக்கணும்" என்றார் பாட்டி. மழை வரும் என்று தோன்றினால் பாதி நிரையை வெட்டிவிட்டு உடனே பாலெடுத்துவிடுவார்களாம். பாதிக் கூலியாவது மிஞ்சும்.

இந்த வாழ்க்கை தொடங்கியதும் நம் பேராவில்தான் என்று சொல்லலாம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அந்த ஊரில் மரமாக நிற்கிறது. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரம் என்று அதைக் காட்டுகிறார்கள். அதன் பின்னால் வந்த தோட்டங்களுக்காகத்தான் நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள். வரும்போது துணிமணியோடு மழைக் கணக்கையும் கொண்டுவந்தார்கள்.

கப்பலில் வந்த குறிகள்

பாட்டியின் மாமியார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் மார்கழியில் 'கர்ப்போட்டம்' பார்ப்பாராம். சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறக்குறைய பதினான்கு நாட்களைத் தமிழ்நாட்டு விவசாயிகள் கர்ப்போட்ட நாட்கள் என்பார்கள். மேகம் கருவுறும் காலம் என்று நம்பிக்கை. அந்த ஒவ்வொரு நாளும் வரப்போகும் ஆண்டின் ஒரு பகுதிக்கு அடையாளம். இந்த நாளில் மேகம் கூடினால் அந்த மாதத்தில் மழை நன்றாக இருக்கும் என்று கணக்கு.

"இங்க வந்தும் ரெண்டு மார்கழி பாத்தாங்களாம். எல்லா நாளும் மேகந்தான். எந்த நாளைக் கணக்குல வைக்கிறதுன்னு விட்டுட்டாங்க" என்று சொல்லிப் பாட்டி சிரித்தார்.

சிரிப்பில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. மழைக்குறி என்பது ஊரோடு ஒட்டியது. தமிழ்நாட்டில் மழைக்கென்று பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை நம்பித்தான் பல மாவட்டங்கள் ஆண்டு முழுக்க வாழ்கின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று அங்கே சொன்னால் அதற்குப் பொருள் உண்டு. பேராவில் மழை இல்லாத மாதமே கிடையாது. ஏப்ரல், மே ஒரு முறையும் அக்டோபர், நவம்பர் ஒரு முறையும் கூடும். நடுவில் சற்றுக் குறையும். தைப்பிங்கைக் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர் அது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்றை பின்னால் நிற்கும் லாருட் மலை பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்த ஊரில் பந்தயம் கட்டுவார்கள் என்று கதை சொல்வார்கள். மழை வருமா என்று யாரும் பந்தயம் கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை!

ஆனால் எல்லாக் குறியும் கப்பலிலேயே செத்துப்போகவில்லை. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்பதை நான் தமிழ்ப்பள்ளியில் படித்தேன்; பாட்டி படிக்காமலே அறிந்திருந்தார். தட்டான் வேட்டைக்காரப் பூச்சி. கொசுவும் சிறு பூச்சிகளும் எங்கே மொய்க்கின்றனவோ, அங்கே அது பறக்கும். காற்று கனத்து, ஈரம் கூடிய மாலையில் சிறு பூச்சிகள் தரையோடு மொய்த்தால் தட்டானும் இறங்கி வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இதைவிட ஆச்சரியமான ஒரு செய்தி உண்டு. மாலத்தீவில் வாழ்ந்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற கடலியல் ஆய்வாளர், ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கான தட்டான்கள் அந்தத் தீவுகளுக்கு வந்து இறங்குவதைக் கவனித்தார். அங்கே அவை முட்டையிட நன்னீர்நிலைகள் மிக மிக அரிது. பிறகு எதற்கு வருகின்றன? இந்தியாவிலிருந்து மழைக்காற்றோடு கிளம்பி, கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இளைப்பாறுகின்றன என்று 2009-இல் எழுதினார். மழையில் தேங்கும் தற்காலிகக் குட்டைதான் அந்தத் தட்டானுக்குப் பிரசவ அறை. மழை எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும். நம் ஊர்த் திடல்களில் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானும் அதே இனம். பழமொழி சொன்னவருக்கு மாலத்தீவு தெரியாது. ஆனால் தட்டானுக்கும் மழைக்கும் உறவு உண்டு என்பது தெரிந்திருந்தது.

எறும்பும் அப்படித்தான். முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை என்பார்கள். புற்றுக்குள் ஈரமும் சூடும் மாறினால் எறும்பு தன் முட்டையையும் புழுவையும் இடம் மாற்றும். அது நாளைய மழையை அறிந்து ஏறுகிறதா, நேற்றைய மழையால் அடி ஈரமாகி ஏறுகிறதா என்பது வேறு கேள்வி. பாட்டிக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. "எறும்பு ஏறும். மழை வந்தாலும் வரும். ஆனா எறும்ப நம்பி உளியக் கீழ வச்சதில்ல" என்றார். ஈசலும் பல நேரம் மழைக்கு முன்பு வருவதைவிட மழைக்குப் பின்புதான் வருகிறது. விளக்கின் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசல் பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

இங்கே கற்ற பாடம்

அப்படியென்றால் பாட்டி எதை நம்பினார்? நான் கேட்டதும் கையை நீட்டி மேற்கைக் காட்டினார்.

"விடியக்காலைல மேற்க மின்னுனா, சத்தம் இல்லாம வெளிச்சம் மட்டும் வந்துச்சுன்னா, அன்னிக்கு மரம் வெட்ட முடியாது. கரைக்கு அந்தாண்ட மழை நிக்குது. எட்டு மணிக்குள்ள வந்துரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் பாட்டி சொன்னதற்கு வானிலைத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது. அதை 'சுமத்திரா' என்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களிலிருந்து நவம்பர் வரையிலான காலத்தில், இரவில் சுமத்திராவின் பக்கமும் மலாக்கா நீரிணையின் மேலும் இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாகத் திரளும். அந்த வரிசை கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ நம் மேற்குக் கரையில் மோதும். முதலில் திடீர்க் குளிர்க்காற்று. பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டும் மழை.

இடிச்சத்தம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது அரிது. ஆனால் இரவு மின்னலின் வெளிச்சம் மேகத்தில் பட்டு அதைப்போல் பல மடங்கு தூரத்துக்குத் தெரியும். சத்தமில்லாத வெளிச்சம் என்றால் மழை இன்னும் தொலைவில் இருக்கிறது, வர நேரம் இருக்கிறது என்று பொருள். பாட்டி பார்த்தது தைப்பிங் மலைகளுக்கு அப்பால் கடலில் நின்ற மேகத்தை. சில நாள் அது மலை தாண்டி வராமல் ஓய்ந்துபோவதும் உண்டு என்று பாட்டியே ஒப்புக்கொண்டார்.

இந்தக் குறி துறையூரிலிருந்து வந்திருக்க முடியாது. அங்கே மேற்கே கடல் இல்லை. இது பேராவில், பெரட்டுக் களத்தில், கூலியை இழந்து இழந்து நம் பாட்டிமார் தாமாகக் கற்ற பாடம். எந்தப் பழமொழி நூலிலும் இதை நான் பார்த்ததில்லை.

இப்படி இன்னும் சில. காலையில் சுண்ணாம்புக்கல் மலைகள் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தால், பிற்பகலில் இடிமழை. ரப்பர்க் கொட்டை படபடவென்று வெடித்தால் வெயில் நாள். காய் நன்றாகக் காய்ந்தால்தான் ஓடு வெடிக்கும் என்பதால் இது குறி என்பதைவிட அளவுகோல். இலைகள் புரண்டு வெளுத்த அடிப்பக்கம் தெரிந்தால் மங்கைக் கவிழ்த்துவிட்டு ஓடு; அது மழைக்கு முன்னால் வரும் கீழ்க்காற்று. கான் ஓரத்தில் கானாங்கோழி, மலாய்க்காரர்கள் 'ருவாக் ருவாக்' என்பது, விடிய விடியக் கத்தினால் மழைக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஈரமான மாதங்களில்தான் அது இணை தேடும்.

வாடையும் வட்டமும்

"மழ வாடைய மோந்து பாத்தே சொல்லுவாரு உங்க தாத்தா" என்றார் பாட்டி. இதுவும் கற்பனை அல்ல. காய்ந்த மண்ணில் மழை விழும்போது எழும் மணத்துக்கு 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியம். மனித மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடித்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பெய்யும் மழையின் வாடையைக் கீழ்க்காற்று முன்கூட்டியே சுமந்து வரும். தாத்தா மோந்தது வரப்போகும் மழையை அல்ல. ஏற்கெனவே பெய்துகொண்டிருந்த மழையை. நிரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் நிலாவைச் சுற்றிக் கட்டும் 'கோட்டை' விஷயத்தில் பாட்டிக்கு நம்பிக்கை குறைவு. எட்டக் கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கட்டினால் எட்ட மழை என்பார்கள். எட்டக் கட்டும் பெரிய வட்டம், மிக உயரத்தில் பனிப்படிகங்களாலான மெல்லிய மேகத்தால் வருவது. குளிர் நாடுகளில் அத்தகைய மேகம் மழையைக் கொண்டுவரும் பெரிய மேகத்திரளின் முன்வரிசையாக வரும். அதனால் அங்கே குறி பலிக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் மாலையில் பெய்து முடித்த இடிமேகத்தின் மிச்சம். "நேத்துப் பெஞ்சதுக்கு இன்னிக்கு வட்டம் கட்டுது" என்று பாட்டி சொன்னது எவ்வளவு சரி!

பாட்டி தவறிய நாள்

இதுவரை எழுதியதை நிறுத்திக்கொண்டால் நம் பாட்டிமார் எல்லாம் விஞ்ஞானிகள் என்று பெருமையாக முடித்துவிடலாம். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை அப்படி முடிக்க விடவில்லை.

"ஆறாம் வகுப்புல என்னைய நிரைக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னிக்கு மின்னலயாம்மா?" என்றார், தலை நிமிராமல்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை.

அந்த வாரம் தாத்தாவுக்குக் காய்ச்சல். இருவர் கூலி ஒருவர் கூலியாகிவிட்டது. கடையில் பற்று ஏறியிருந்தது. இனி அரிசி தரமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் மேற்கே மின்னியது. பாட்டி பார்த்தார். மற்றவர்கள் பாதி வெட்டிப் பாலெடுக்க முடிவு செய்தார்கள். பாட்டியோ தன் நிரையையும் தாத்தா நிரையில் பாதியையும் வெட்டுவதென்று முடிவு செய்து, மங்கு துடைக்க, கோட்டுப்பால் பிடுங்க அத்தையை அழைத்துப் போனார். அன்று அத்தைக்குப் பள்ளியில் தேர்வு. எட்டு மணிக்குப் பாலெடுத்துவிடலாம், ஓடிப்போய் எழுதிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஏழரைக்கு மழை வந்தது.

"மரத்தடியெல்லாம் வெள்ளத் தண்ணி. கான்ல பாலா ஓடுச்சு" என்றார் பாட்டி. கூலியும் இல்லை, தேர்வும் இல்லை. நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது பள்ளி மணி அடித்துவிட்டது.

அத்தை மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினார். பிறகு ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்த ஒருநாள் மழைதான் காரணம் என்று அத்தை சொல்வதில்லை. காரணங்கள் பல. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அன்னிக்கு அம்மா வானத்தப் பாக்கல. கடைக் கணக்கப் பாத்தாங்க."

குறி தவறவில்லை என்பதுதான் இதில் வேதனை. மின்னல் சொன்னது. பாட்டிக்கும் புரிந்தது. ஆனால் இழக்க எதுவும் மிச்சம் இல்லாதவர், மழை வராது என்று நம்பித்தான் ஆக வேண்டும். வானத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. படித்ததற்கு ஏற்ப நடக்க, ஒருநாள் கூலியை விட்டுக்கொடுக்கும் அளவுக்காவது வீட்டில் அரிசி இருக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகக் கணக்கு

ஊடகம் படித்தவள் என்பதால் எனக்கு ஒரு சோதனை செய்து பார்க்கும் ஆசை வந்தது. நவம்பர் முழுக்க, வேலைக்குக் கிளம்புமுன் பாட்டிக்கு அழைத்து, "இன்னிக்கு எப்படி பாட்டி?" என்று கேட்டேன். அவர் சொன்னதை ஒரு பக்கம் எழுதினேன். மாலையில் அத்தை, மழை பெய்ததா இல்லையா என்று குறுஞ்செய்தி அனுப்புவார்.

மாத முடிவில் பாட்டி பெரும்பாலான நாட்களில் சரி. நான் வானொலி நிலையத்தில் பெருமையடித்துக்கொண்டேன். ஒலிப்பதிவு செய்யும் நண்பர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நவம்பர்ல ஈப்போவுல தினமும் மழைன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருந்தா எத்தன நாள் சரியா வந்திருக்கும்?"

எண்ணிப் பார்த்தேன். பாட்டிக்கு மிக அருகில் வந்துவிட்டது! நவம்பரில் இங்கே பாதிக்கும் அதிகமான நாட்களில் மழை. மழை என்று சொல்பவர் தோற்பது கடினம். போதாக்குறைக்கு, பலித்த குறி வீட்டில் கதையாகிறது. பலிக்காத குறியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அத்தையைப் போல விலை கொடுத்தவர்கள்தான் மறப்பதில்லை.

பிப்ரவரியில் மறுபடி எழுதினேன். ரப்பர் மரம் இலை உதிர்க்கும், மழை குறையும் காலம். இந்த முறை பாட்டி பாதிக்குப் பாதி. கைப்பேசிச் செயலியும் அதைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில், மத்தியானத்துக்குள் மழை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் பாட்டி இரண்டு மாதமும் கெட்டிக்காரர். அது அவர் கூலி கொடுத்துப் படித்த பாடம். மாலை மழை அவருக்கு அக்கறையில்லாத பாடம். அப்போது பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சில பகுதி எது?

வானிலை அறிவிப்பின் மேல் குறை சொல்வது புதிதல்ல. நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு 1861 ஆகஸ்டு 1-ஆம் தேதி லண்டன் 'டைம்ஸ்' ஏட்டில் வந்தது. அதைத் தயாரித்த ராபர்ட் பிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி, தவறியபோதெல்லாம் கேலிக்கு ஆளானார்.

நம் வானிலைத் துறை 'சில பகுதிகளில்' என்று சொல்வது மழுப்பல் அல்ல. குளிர் நாடுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மேகத்திரள் நகர்ந்து வரும். அதை இரண்டு நாள் முன்பே பார்த்துவிடலாம். நம் பிற்பகல் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மணி நேரத்தில் பிறந்து, பெய்து, கலைந்துவிடும். கடற்காற்று உள்ளே வரும், தித்திவங்சா மலைச்சரிவில் ஏறும், மேகம் குவியும் என்பது வரை தெரியும். அது கம்பாரில் குவியுமா கோப்பெங்கிலா என்று காலையிலேயே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேகம் உருவான பிறகு ராடார் காட்டும்.

பாட்டியின் குறிக்கும் எல்லை உண்டு. ஒரு தோட்டத்தளவு தூரம், மூன்று மணி நேரம். அதற்கு மேல் அது பேசாது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி சிலாங்கூரில் விடாமல் பெய்து, ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமானில் மக்கள் கூரையில் ஏறி நின்றார்களே, அதை எந்த எறும்பாலும் சொல்லியிருக்க முடியாது. வாசலில் மழை நின்ற பிறகும் மேலே பெய்த தண்ணீர் ஆற்றில் வரும். வெள்ளத்துக்குத் துறையின் எச்சரிக்கையைத்தான் கேட்க வேண்டும். இதைப் பாட்டிக்காகவும் சொல்கிறேன். பாட்டி சொன்னார் என்று மழையில் ஆற்றங்கரையில் நிற்பவர்களுக்காகவும் சொல்கிறேன்.

புகைமூட்டம் வந்தால் பாட்டியின் குறிகள் வாய் மூடிக்கொள்ளும். 2015-லும் 2019-லும் மலையே தெரியவில்லை. மலை கிட்ட வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இப்போது வீட்டின் மேற்குப் பக்கம் அடுக்குமாடி. தெருவிளக்கு வெளிச்சத்தில் தூரத்து மின்னல் தெரிவதில்லை. கானாங்கோழி இருந்த கானுக்குச் சிமெண்டு போட்டாகிவிட்டது. குறிகள் பொய்யாகவில்லை, பார்க்கும் இடங்கள் போய்விட்டன.

நான்கு மணிக்கு ஒரு ராடார்

சென்ற ஜூன் மாதம் வீட்டில் தங்கியிருந்தபோது நான்கு மணிக்குப் பாட்டியோடு நானும் எழுந்தேன். வானிலைத் துறையின் ராடார்ப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். மலாக்கா நீரிணையின் மேல், வடக்கிலிருந்து தெற்காக, மஞ்சளும் சிவப்புமாக ஒரு நீண்ட வரிசை நம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது கடலா?" என்றார். ஆமென்றேன். "அப்ப இது மேற்க மின்னுறதுதானே?"

"அதேதான் பாட்டி."

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே இது கையில இருந்திருந்தா உங்க அத்தைய நிரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "இருந்திருந்தாலும் போயிருப்பீங்கம்மா." கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு எழுந்து வந்து, கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டார். ஏழு மணிக்கு மழை வந்தது.

அன்றிலிருந்து வானிலை வாசிக்கும்போது, மேற்குக் கரையில் காலை மழைக்கு வாய்ப்பு என்று வந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: "வீட்டை விட்டுக் கிளம்புமுன் மேற்குப் பக்கம் ஒருமுறை பாருங்கள்." தாப்பாவிலிருந்து அழைத்த பெரியவர் கேட்கிறாரா என்று தெரியாது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், காலைச் சந்தையில் கடை போடுகிறவர்கள், வெயிலை நம்பி அப்பளம் காயவைக்கிறவர்கள் என்று அன்றாடக் கூலியை மழை பறிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். பழமொழியை மட்டும் எழுதாதீர்கள். அது புத்தகத்தில் கிடைக்கும். எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு மழை வந்தது என்று கேட்டு எழுதுங்கள். பலித்ததோடு பலிக்காததையும் எழுதுங்கள். பலிக்காத நாளில் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டில் மிக முக்கியமான கதை அங்கேதான் இருந்தது.